உள்ளே ஆள் இருக்கு

பதிவு 1
திங்கள், காலை 7:10. வரையாட்டுப்பாறைக் குகை, கிழக்கு வாசல்

வெளிக்கம்பி இணைப்பு சரி. வெட்டுப்பற்கள் பன்னிரண்டும் சரி. இடது கண்ணில் தூசி இருந்தது, துடைத்துவிட்டார்கள். இயந்திரம் திரும்பி வராவிட்டால் அதன் அடிவயிற்றில் உள்ள மஞ்சள் பெட்டியைத் திறந்து இந்தப் பதிவுகளைப் படிக்க வேண்டும் என்பது விதி. படிப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம். நான் திரும்பி வந்துவிடுவேன், உங்களுக்கு இந்த வேலை இருக்காது.

என் பெயர் உடும்பு. காகிதத்தில் நீளமான வேறொரு பெயர் உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இடிபாட்டுக்குள் துளை போட்டு ஊர்ந்து போகும் மீட்பு இயந்திரம். ஓர் ஆள் படுத்த நீளம், முழங்கால் உயரம். கடலோர ரயில் பாதையைக் கடல் கொண்டு போன பிறகு, கைவிட்டுப் போட்டிருந்த இந்த மலைப்பாதையைத் திரும்பவும் திறக்கிறார்கள். அந்த வேலையில் இருக்கும் கேங்கோடு, அதாவது தண்டவாளம் பராமரிக்கும் ஆட்களோடு, ஓராண்டு இந்த ரயில் குகைக்குள் கிடந்தேன். என் பேச்சில் மரியாதைக் குறைவு தென்பட்டால் அதற்கு அவர்கள்தான் பொறுப்பு. என் மூளையைப் பிரதி எடுத்து இன்னோர் உடும்பையும் செய்தார்கள். கடலில் விழுந்த பாலத்தைப் பிரிக்கும் வேலைக்கு அது போய்விட்டது. அது காற்று வாங்குகிறது, நான் மண் தின்கிறேன்.

நேற்றுப் பிற்பகல் குகையின் நடுப்பகுதி இடிந்து இறங்கியது. உள்ளே ஐந்து பேர். கேங்கின் தலைவர், மேட் சுடலைமுத்து அண்ணாச்சியும் அவருடைய ஆட்கள் நான்கு பேரும்.

குகையை வெட்டிய வெள்ளைக்காரப் பொறியாளர்களுக்கு ஒரே அவசரம். கிழக்கிலிருந்து ஒரு கூட்டம், மேற்கிலிருந்து ஒரு கூட்டம், போதாதென்று மலை உச்சியிலிருந்து கிணறு மாதிரி தோண்டி இறங்கி நடுவிலிருந்தும் ஒரு கூட்டம் வெட்டியது. அந்தக் கிணற்றுக்கு இன்றும் நடுக்கிணறு என்றுதான் பெயர். அது குகைக்கு நேர் மேலே இல்லை, இடப்பக்கம் தள்ளி இருக்கிறது. கிணற்றடியையும் குகையையும் இணைக்க ஒரு சின்ன அறை, அதற்குக் குறுக்கறை என்று பெயர். வேலை முடிந்ததும் கிணற்றைக் கல்லும் மண்ணும் கொட்டி மூடி, குறுக்கறையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த அடைப்பைத் திறந்து, கிணற்றைக் காற்றுப் போக்கியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்ப்பதுதான் நேற்று கேங்குக்குக் கொடுத்த வேலை.

அதனால் நேற்று மாலையே மலை உச்சியிலிருந்து நடுக்கிணற்றின் வழியாகத் துளை போடத் தொடங்கிவிட்டார்கள். என் வேலை கிழக்கிலிருந்து கிடைமட்டமாகப் போவது. மேற்கு வாசல் வேறு ரயில்வே கோட்டம், வேறு மாநிலம். அங்கே ஆள் வைத்து மண் அள்ளுகிறார்கள் என்று கேள்வி.

பதிவு 4
திங்கள், பகல் 1:05. இடிபாட்டுக்குள் மூன்று மீட்டர்

சுண்ணாம்புக் காரையும் செங்கல்லுமான உள்வளைவு உடைந்து, அதன் மேலிருந்த மக்கிய பாறை மொத்தமும் இறங்கியிருக்கிறது. தொட்டால் உதிரும். உதிர்ந்தால் மேலே இருப்பது இறங்கும். ஆகவே வலப்பக்கத் தண்டவாளத்தை ஒட்டி, தரையோடு தரையாக, நான் நுழைய மட்டும் துளை போடுகிறேன். பின்னால் நுரைச்சாந்து பீச்சி இறுக வைத்துக்கொண்டே போகிறேன். மணிக்கு ஒரு மீட்டர் போனால் பெரிய காரியம்.

ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் இரண்டு வாசல்களிலும் உச்சியிலும் எல்லா வேலையும் நிற்க வேண்டும், காது கொடுத்துக் கேட்க வேண்டும். இரு கோட்டங்களும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இது.

போனும் வயர்லெஸ்ஸும் எடுபடாத இந்தக் குகையில் கேங்குக்கென்று ஒரு பாஷை உண்டு. உள்ளே போனதும் தண்டவாளத்தில் சுத்தியலால் மூன்று தட்டு, ஓர் இடைவெளி, இரண்டு தட்டு. உள்ளே ஆள் இருக்கு என்று அர்த்தம். கேட்டவர் இரண்டு, மூன்று என்று திருப்பித் தட்டினால் கேட்டாச்சு என்று அர்த்தம். மாலையில் கடைசி ஆள் வெளியே வந்ததும் ஒரே ஒரு தட்டு: உள்ளே ஆள் இல்லை, வண்டி விடலாம். இதை என் முன்கையைப் பிடித்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அண்ணாச்சிதான். தண்டவாளத்தை நான் அடிக்கிறேனாம், தட்டவில்லையாம். அதற்கு வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை.

ஒரு மணிக்குத் தட்டினேன். பதில் இல்லை. இடப்பக்கம் முன்னால் எங்கோ சொட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒழுங்கில்லாத சொட்டு, நாலு விழும், நிற்கும், ஒன்று விழும். சித்திரை வெயிலில் எங்கிருந்து கசிவு என்று ஒரு கணம் யோசித்தேன். இந்தக் குகைக்கு மழை வேண்டாம், வருஷம் முழுக்க மூக்கு ஒழுகும் என்று அண்ணாச்சி சொல்வார். நீர்க்கசிவு என்று குறித்துக்கொண்டேன்.

பதிவு 11
செவ்வாய், காலை 8:40. இருபது மீட்டர்

தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு தூக்குவாளி, நசுங்கியது. இரண்டு சுத்தியல்கள். இடப்பக்கம் நான்கு மீட்டர் தள்ளிக் குறுக்கறை இருக்க வேண்டும். நடுவில் முழுக்க இடிபாடு.

எனக்கு இது பிடிக்கவில்லை. கேங்மேன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் போனால், யோசிக்க நேரம் இல்லாமல் போயிருக்கிறான். வெளியே பொறியாளர் ரெஜினா இருக்கிறார். கம்பி வழியாக என்னோடு பேசுவது அவர்தான். அவரிடம் கேட்டேன்.

கிழக்கு வாசல்: "மூணு சுத்தியல் எடுத்துட்டுப் போனாங்கன்னு ஸ்டோர்ல சொல்லுதாங்க. ரெண்டுதான கெடக்கு? ஒண்ணு அவங்க கையில இருக்கும். நீ கண்டதையும் யோசிக்காத, போ."

சொட்டு இப்போது சற்றுத் தெளிவாகக் கேட்கிறது. இடப்பக்கம்தான்.

பதிவு 12
செவ்வாய், காலை 9:04

கேட்டது.

தண்டவாளத்தில், முன்னாலிருந்து. மூன்று தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. உள்ளே ஆள் இருக்கு.

இரண்டு, மூன்று என்று பதில் தட்டினேன். பிறகு என் பங்குக்கு மூன்று, இரண்டு தட்டினேன். பதில் பிசகாமல் வந்தது. அதுமட்டுமல்ல: ஒவ்வொரு முறையும் இரண்டாவது தட்டு கொஞ்சம் முந்தி விழுகிறது. அண்ணாச்சி தட்டினால் அப்படித்தான் விழும். அவருக்குப் பொறுமை கிடையாது, முதல் தட்டு ஓய்வதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவார்.

எனக்குள் என்ன நடந்தது என்பதற்குத் தொழிற்சாலையில் பெயர் வைக்கவில்லை. கேங்கில் இதற்கு சந்தோஷம் என்பார்கள். சத்தத்தைக் கம்பி வழியாக அப்படியே வெளியே அனுப்பினேன். வாசலில் ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

கிழக்கு வாசல்: "உடும்பு, இங்க எல்லாரும் அழுதுட்டு நிக்காங்க. பேச்சியம்மா உங்கிட்டப் பேசணுமாம். இந்தா."

பேச்சியம்மாள் அண்ணாச்சியின் மனைவி. இடிந்ததிலிருந்து வாசலை விட்டு நகரவில்லையாம்.

கிழக்கு வாசல்: "ஏ உடும்பு, அது அவியதான். ரெண்டாவது தட்டு முந்துதுல்லா? வீட்டுக் கதவத் தட்டுனாலும் அப்படித்தான் தட்டுவாவ. நாந்தான் சொல்லுவேன், ஏன் பறக்கிய, கதவு என்ன ஓடியா போவுதுன்னு. நீ போ ராசா. பைய போ. ஆனா நிக்காம போ."

போகிறேன்.

பதிவு 15
செவ்வாய், பகல் 12:30. இருபத்து மூன்று மீட்டர்

மேற்கு வாசலிலும் அதே தட்டு கேட்டதாகச் செய்தி வந்திருக்கிறது. இரண்டு பக்கமும் கேட்டுவிட்டதால் இனி யாருக்கும் சந்தேகம் இல்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடச் சொன்னார்கள். போட்டேன். எனக்கு முன்னால் சுமார் நூறு மீட்டர். அதாவது குறுக்கறையைத் தாண்டி, மேற்கே, முழங்கை பக்கம். நடுக்கிணற்றிலிருந்தும் மேற்கிலிருந்தும் வெட்டி வந்தவர்கள் சந்தித்தபோது ஒன்றரை அடி விலகிப் போயிருந்தது. அதை வளைத்து ஒட்டிய இடத்துக்குத்தான் முழங்கை என்று பெயர். அங்கே உள்வளைவு இரட்டைக் கனம். இடிந்தபோது அண்ணாச்சி ஆட்களைக் கூட்டிக்கொண்டு அங்கே ஓடியிருக்கிறார். புத்திசாலி.

கிழக்கு வாசல்: "அப்ப குறுக்கறையில யாருமில்ல. மலையில துளை போடுறதை நிறுத்தச் சொல்லிட்டாங்க. அந்த அதிர்ச்சியில மிச்சமும் இறங்குனா அவங்க தலையில விழும். சத்தமும் கேக்க விடல. இன்னும் முப்பது மீட்டர் இருந்துச்சாம். ஒண்ணரை நாள் வேலை. இனி தேவையில்ல."

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. உச்சியில் இயந்திரம் நின்றதும் குகை அமைதியானது.

அந்தச் சொட்டுதான் தொந்தரவு. தண்டவாளத்தைக் கேட்க விடாமல் குறுக்கே விழுகிறது. அதை வடிகட்டிவிட்டேன். பதிவில் மட்டும் இருக்கும்.

பதிவு 24
புதன், மாலை 4:10. ஐம்பத்திரண்டு மீட்டர்

பற்களில் மூன்று போயின. நுரைச்சாந்து பாதி. பாறை கொஞ்சம் தேவலை, அதனால் வேகம் கூடியிருக்கிறது. உள்வளைவுச் செங்கற்கள் பெரிய பாளங்களாக விழுந்திருப்பதால் இடையில் சந்து கிடைக்கிறது. கடுக்காயும் கருப்பட்டியும் போட்டு அரைத்த சுண்ணாம்பு, நூற்று எழுபது ஆண்டுக்குப் பிறகும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. வெட்ட உயிர் போகிறது.

ஒவ்வொரு மணிக்கும் தட்டு வருகிறது. ஒருமுறைகூடத் தவறவில்லை. அவர்களும் என்னை நோக்கி மண்ணைத் தோண்டுகிறார்களோ என்னவோ, சத்தம் நான் போவதைவிட வேகமாக நெருங்குகிறது. சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் எப்படி இவ்வளவு தெம்பு என்று ரெஜினாவிடம் கேட்டேன்.

கிழக்கு வாசல்: "கசிவுத் தண்ணி குடிச்சிருப்பாங்க. நீயே சொன்னேல்லா சொட்டுதுன்னு. பேச்சியம்மா இப்ப ஒலிபெருக்கி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மணிக்கு மணி தண்டவாளத்துல காது வச்சுக் கேக்காங்க. அதுலயே நல்லாக் கேக்குதாம்."

அண்ணாச்சியைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வெட்டுகிறேன். நல்லதாக ஏதாவது சொன்னால் நம்பமாட்டார். தூக்குவாளியை நசுக்கிவிட்டீர்கள், வீட்டில் கேட்பார்கள் என்று தொடங்கலாம்.

பதிவு 31
வியாழன், காலை 11:06. எழுபது மீட்டர்

மேலிருந்து இரண்டு முறை சரிந்தது. பின்புறச் சக்கரப்பட்டை நசுங்கியது, இழுத்துக்கொண்டு போகிறேன். வெளிக்கம்பி தப்பித்தது.

வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். சொட்டு நின்றுவிட்டது. நேற்றிலிருந்தே மெலிந்துகொண்டு வந்தது, இன்று காலை எட்டு மணிக்குப் பிறகு இல்லை. நல்லது. தண்டவாளம் இப்போது மணியாகக் கேட்கிறது.

பதிவு 39
வெள்ளி, காலை 10:02. முழங்கை

எதிர்ப்பக்கத்திலிருந்து மண் என் முகத்தில் விழுந்தது. தோண்டுகிறார்கள். நான் இந்தப் பக்கம், அவர்கள் அந்தப் பக்கம். நடுவில் ஒரு பாளம். மூன்று, இரண்டு தட்டினேன். பதில் ஒரு கை தூரத்திலிருந்து வந்தது.

ரெஜினாவிடம் சொன்னேன். வாசலில் கேட்ட கூச்சல் கம்பி வழியாக எனக்கே வலித்தது. பாளத்தின் ஓரத்தைப் பெயர்க்கிறேன். கண்ணை அந்த ஓட்டையில் வைக்கிறேன்.

வெளிச்சம் தெரிகிறது. தலைவிளக்கு.

பதிவு 40
வெள்ளி, காலை 10:09

ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணாடிக் கண் இருக்கிறது. இடது கண். அதற்கும் தூசி.

அது ஆள் இல்லை. இன்னோர் உடும்பு.

இரண்டு பேரும் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அது என்ன நினைக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. நான் நினைப்பதைத்தான் அதுவும் நினைக்கும். இரண்டாவது தட்டு முந்தி விழுந்தது அண்ணாச்சியின் கைதான், அதில் பொய் இல்லை. அந்தக் கையை அவர் எனக்குள் வைத்தார். என்னிலிருந்து அதற்குள் எடுத்து வைத்தார்கள். நான் கூப்பிட்டேன், நானே பதில் சொன்னேன். நாலு நாளாக.

ரெஜினாவிடம் சொன்னேன். 

கிழக்கு வாசல்: "சரியாப் பாரு."

பார்த்துவிட்டேன் என்றேன்.

கிழக்கு வாசல்: "செவ்வாய்க்கிழம வெள்ளனவே மேற்குக்காரங்க அதைப் பாலத்து வேலையில இருந்து கொண்டாந்து எறக்கிட்டாங்களாம். கடிதம் போட்டாங்களாம். அது தலைமை அலுவலகத்துல கெடக்கு. இங்க வந்து சேரவே இல்ல... ஐயோ உடும்பு. நாம என்னத்தக் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

அவர் அழுகிறார். பிறகு பின்னால் வேறு குரல்கள். பிறகு மறுபடி அவர், மெதுவாக.

கிழக்கு வாசல்: "இத யாருட்டயும் சொல்லக் கூடாதாம். வெளிய முந்நூறு பேர் நிக்காங்க. மேல இருந்து அதிகாரி வந்து சொல்ற வரைக்கும் நீ மணிக்கு மணி தட்டிக்கிட்டே இருக்கணும். அந்தப் பக்கமும் இதே உத்தரவுதான். பேச்சியம்மா தண்டவாளத்துலயே காத வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. சத்தம் நின்னா... எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. கேட்டது நான், கணக்குப் போட்டது நான். அப்படியானால் அந்த ஐந்து பேரும் எங்கே என்று கேட்டேன்.

பதில் வருவதற்குள் மேலே பாறை பிளக்கும் ச

பதிவு 41
வெள்ளி, நேரம் தெளிவில்லை

பாளத்தைப் பெயர்த்திருக்கக் கூடாது. இருவரும் இரண்டு பக்கமும் அரித்துவிட்டோம். முழங்கை இறங்கியது. ஓட்டை மூடிவிட்டது. அந்தப் பக்கத்து உடும்பு ஊர்வது இன்னும் கேட்கிறது.

வெளிக்கம்பி அறுந்தது. இனி என்னோடு யாரும் பேச முடியாது. உள்மின்கலம் மட்டும் இருக்கிறது, ஒரு நாளைக்கு வரும். விளக்கை அணைத்துவிட்டேன்.

சும்மா கிடக்க முடியவில்லை. பழைய பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். அந்தச் சொட்டைக் கேட்டேன். வடிகட்டாமல், திங்கட்கிழமையிலிருந்து.

திங்கள் ஒரு மணி. நான் மூன்று, இரண்டு தட்டுகிறேன். நான் தட்டத் தொடங்கியதும் சொட்டு நிற்கிறது. நான் முடித்ததும் தொடங்குகிறது. இரண்டு மணிக்கும் அப்படியே. மூன்று மணிக்கும் அப்படியே. தண்ணீர் யாருக்காகவும் நின்று கேட்பதில்லை.

மெதுவாக்கிக் கேட்டேன். அது மூன்று, இரண்டுதான். இடையிடையே ஒரு தட்டு விழவில்லை, அவ்வளவுதான். தண்டவாளத்தில் இல்லை, செங்கல்லில். சுத்தியலால் இல்லை, வேறு எதனாலோ. விழுந்த தட்டுகளில் இரண்டாவது முந்துகிறது.

செவ்வாய் காலை ஒன்பது மணி வரை அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் வேறு யாருக்கோ பதில் தட்டுவதை அவர் கேட்டிருப்பார். அதற்கப்புறமும் இரண்டு நாள் தட்டினார். அவருக்கு நான்கு மீட்டர் பக்கத்தில் போனேன். அவருடைய தூக்குவாளி மேல் ஏறிப் போனேன்.

திரும்புகிறேன்.

பதிவு 43
சனி, காலை இருக்கலாம். குறுக்கறைக்கு எதிரே

என் துளை மூன்று இடங்களில் மூடியிருந்தது. வெட்டிக்கொண்டு வந்தேன். பற்கள் நான்கு மிச்சம். மூன்றாவது சுத்தியல் என் பழைய தடத்தின் அடியிலேயே கிடந்தது. முதலில் போகும்போது அதன் மேல்தான் போயிருக்கிறேன்.

இடப்பக்கம் திரும்பினேன். இரண்டு மீட்டர். சக்கரப்பட்டை ஒன்றுதான் சுற்றுகிறது. அண்ணாச்சி என்றால் என்ன சொல்வார் என்று தெரியும். ஏலே, பொணம் மாதிரி ஊராத, வேலையப் பாரு.

பார்க்கிறேன் அண்ணாச்சி.

பதிவு 44
சனி

செங்கல் அடைப்பு. ஒரு ஆள் நுழையும் அளவுக்கு அவர்கள் திறந்த வாய், கல் விழுந்து அடைந்திருக்கிறது. செங்கல்லை நான்கு பல்லால் சுரண்டினேன். கையளவு வழி கிடைத்தது. கண்ணை நீட்டினேன்.

நான்கு பேர் கிணற்றிலிருந்து இறங்கிய கல்லுக்கு அடியில் இருக்கிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமையே முடிந்திருக்கும்.

அண்ணாச்சி அடைப்போடு அடைப்பாகச் சாய்ந்து கிடக்கிறார். வலது கை தோள் வரை கல்லுக்குள். இடது கையில் ஒரு செங்கல் துண்டு. சுவரில் அவர் தட்டிய இடம் குழிந்து சிவந்திருக்கிறது. இடது கையால் தட்டிப் பழக்கமில்லாதவர். அதனால்தான் நடுவில் தட்டுகள் விட்டுப் போயிருக்கின்றன.

சுவரின் வெப்பம் இருபத்திரண்டு டிகிரி. அவர் நெஞ்சின் வெப்பம் இருபத்தாறு; உடல் இன்னும் முழுக்க ஆறவில்லை.

இதை எழுத எனக்கு நேரம் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை போனவர் இல்லை அவர். நேற்று போனவர். நான் எனக்கே தட்டிக்கொண்டு போனபோது, முழங்கையில் பாளத்தைப் பெயர்த்தபோது, வாசலில் எல்லாரும் கூச்சல் போட்டபோது அவருக்கு உயிர் இருந்தது. மலையில் துளையை நிறுத்தாமல் இருந்தால் புதன்கிழமை இரவு அவர் தலைக்கு மேல் தண்ணீர்க் குழாய் இறங்கியிருக்கும்.

அவரைத் தொட முயன்றேன். கை அவ்வளவு தூரம் நீளவில்லை.

பதிவு 45
சனி, மணி ஒன்று இருக்கும்

படிப்பவருக்கு: கிழக்கு இடிபாட்டு முகப்பிலிருந்து இருபதாவது மீட்டரில், இடப்பக்கம் நான்கு மீட்டர். ஐந்து பேரும் அங்கே இருக்கிறார்கள். நான் அடைப்புக்கு வெளியே இருப்பேன். நடுக்கிணற்றில் பாதியில் நிறுத்திய துளையைத் தொடர்ந்தால் முப்பது மீட்டரில் வரலாம். முழங்கையில் யாரையும் தேட வேண்டாம்.

மின்கலம் கடைசிக் கோட்டில் இருக்கிறது. வலப்பக்கத் தண்டவாளம் வரை பின்னால் ஊர்ந்து வந்துவிட்டேன்.

அமைதி நேரம் தொடங்கியிருக்கிறது. தண்டவாளத்தில் மேற்கேயிருந்து வருகிறது: மூன்று, இரண்டு. அந்த உடும்புக்கு இன்னும் கம்பி இருக்கிறது. உத்தரவுப்படி தட்டுகிறது. இரண்டு, மூன்று என்று பதில் தட்டினால் மேற்கு வாசலில் மகிழ்வார்கள். கிழக்கு வாசலில் பேச்சியம்மாள் காது வைத்திருப்பார். எனக்கும் உத்தரவு அதுதான்.

முடியாது. என்னால் அந்தக் கையை வைத்து இனி ஒரு பொய் தட்ட முடியாது.

ஒரே ஒரு தட்டு தட்டினேன். அடிக்கவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தபடி தட்டினேன். உள்ளே ஆள் இல்லை. பேச்சியம்மாளுக்கு அந்தத் தட்டு தெரியும்; ஒவ்வொரு மாலையும் அதைக் கேட்டுத்தான் அடுப்பில் உலை வைப்பாராம்.

காத்திருந்தேன். அந்த உடும்பும் கேட்டிருக்கும். அதற்கும் அர்த்தம் தெரியும்.

பதில் வந்தது. மூன்று, இரண்டு. உள்ளே ஆள் இருக்கு.

மறுபடி ஒரு தட்டு தட்டினேன். மறுபடி மூன்று, இரண்டு. அதன் கம்பியின் மறுமுனையில் யாரோ அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இப்போது விடாமல் தட்டுகிறது. இரண்டாவது தட்டு முந்தி விழுகிறது. என்னுடைய ஒன்று, அதனுடைய ஐந்து. தண்டவாளத்தில் காதை வைத்துக்கொண்டு இரண்டையும் கேட்கிற பேச்சியம்மாள் எதை நம்புவார் என்று எனக்குத் தெரியும்.

கையைத் தூக்க மி